ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

சேலம் மாவட்டத்தில் எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும் யூனிஃபார்ம் போடாத ஒருவர் இருப்பார். ரோல் காலில் நிற்க மாட்டார். பாரா டூட்டி பார்க்க மாட்டார். இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் வைப்பார், ஆனால் அவரிடம் கணக்கு ஒப்பிக்க மாட்டார். அவர் பார்த்ததும் கேட்டதும் நேரே எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும். ஸ்டேஷனுக்குள்ளேயே ஏதாவது கோளாறு என்றால் அதுவும் போகும். தனிப்பிரிவு ஏட்டு என்று பெயர். ஸ்டேஷன்காரர்களுக்கு அவர் மேலிடத்து ஆள், ஊர்க்காரர்களுக்கு ஸ்டேஷன் ஆள். அவர் வந்து உட்கார்ந்தால் இரண்டு இடத்திலும் பேச்சு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மறுபடி நடக்கும்.

மேட்டூர், கொளத்தூர், மேச்சேரி என்று அணையைச் சுற்றியே அந்த வேலையைப் பார்த்தேன். இடையில் சில வருடம் மாநில எஸ்.பி.சி.ஐ.டி.யில். கடைசியில் எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு. இதில் ரகசியம் எதுவும் வராது, அதைத் தேடி வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குச் சொல்ல இருப்பது அந்த வேலையின் எழுத்துப் பக்கத்தைப் பற்றி. தினமும் காலையில் ஒரு தாள் மேலே போக வேண்டும். நேற்று நம் எல்லைக்குள் என்ன நடந்தது, இன்று என்ன நடக்கப்போகிறது, நாளைக்கு என்ன நடக்கும் என்று ஊர் பயப்படுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும்.

இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த பெரியவர், என் நோட்டை வாங்கி ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தார். மூன்று கட்டம் ஆயிற்று. முதல் கட்டத்தில் கண்ணால் பார்த்தது. இரண்டாவதில் காதால் கேட்டது, அதுவும் சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதோடு சேர்த்து. மூன்றாவதில் நமக்குத் தோன்றுவது. “தம்பி, மூணாவது கட்டம் ரொம்பி இருந்துச்சுன்னா நீ அன்னிக்கு ஊருக்குள்ள போகலைன்னு அர்த்தம்” என்பார். அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். “பக்கத்தைத் திருப்ப வெச்சீன்னா ஐயா கையெழுத்துப் போட்டு ஓரமா வெச்சிருவாரு.”

மேட்டூரில் முதல் கட்டத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. ஸ்டான்லி நீர்த்தேக்கம் 1934இல் திறந்த நாளிலிருந்து இந்த ஊரின் அரசியல் அடிக்கணக்கில்தான் நடக்கிறது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12 நெருங்கினால் டெல்டாவில் குறுவைக்குத் தண்ணீர் விடுவார்களா என்று தஞ்சாவூரே இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். ஆனால் அணையின் காலடியில் இருக்கும் மேச்சேரிக்காரருக்கும் நங்கவள்ளிக்காரருக்கும் அந்தத் தண்ணீர் கண்ணுக்குத்தான். உபரி நீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டம் வந்ததே 2020க்குப் பிறகு. ஆக, மதகு திறக்கும் விழாவில் மேடைக்குக் கீழே நின்று கைதட்டுகிறவரை மட்டும் பார்த்து எழுதினால் அது பாதி அறிக்கை. அன்றைக்கு மேச்சேரி சந்தையில் டீ குடிக்கிறவர் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

மட்டம் இறங்கினால் வேறொரு ஊர் மேலே வரும். பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறித்துவ ஆலயத்தின் கோபுரமும் தண்ணீரைவிட்டு வெளியே தலைகாட்டும். பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். நான் நந்தியைப் பார்க்கப் போனதில்லை. தண்ணீர் விலகிய கரம்பில் யார் கம்பு போடுகிறார், யார் கடலை போடுகிறார், எவ்வளவு தூரம் உள்ளே இறங்கி உழுகிறார் என்று பார்க்கப் போவேன். கபினியில் என்ன மழை என்று தெரிந்துகொள்ளாமல் விதை போடுகிற ஆள் இல்லை அவர்கள். ஏரின் தடம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், தண்ணீர் எப்போது ஏறும் என்று அந்த ஊர் நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். பயிர் மூழ்கினால் நஷ்ட ஈடு கேட்டு எங்கே உட்காருவார்கள் என்பதையும் அங்கேயே ஊகிக்கலாம். ஏரின் தடம் முதல் கட்டத்தில், ஊர் நினைப்பது இரண்டாவதில், மறியல் நடக்கலாம் என்பது மூன்றாவதில்.

இரண்டாவது கட்டம் கஷ்டமானது. உளவு வேலை என்றாலே மறைந்து திரிவது என்று சினிமா சொல்லிவைத்திருக்கிறது. மேட்டூர் மாதிரி ஊரில் மறைவதற்கு ஏது இடம்? பண்ணவாடித் துறையில் நாகமரைக்குப் போகும் பரிசலில் ஏறினால், துடுப்புப் போடும் பெரியவர் எல்லார் காதிலும் விழும்படி சொல்வார்: “வாங்க ஏட்டய்யா. நீங்க ஏறினா மட்டும் எல்லாரும் மழையப் பத்தியே பேசறாங்க பாருங்க.” மொத்தப் பரிசலும் சிரிக்கும். யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும், சொல்ல வேண்டியதை நம்மிடம் சொல்வார்கள் என்ற நிலையைச் சம்பாதிப்பதுதான் இதில் தொழில். அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. நம் டீக்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்கக் கூடாது, அப்படிச் செய்தால் சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சரிபார்க்க வேண்டுமானால் கண்ணால் பார்க்கும் வேறு வழி தேட வேண்டும். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வருகிறது என்று காதில் விழுந்தால், சங்கத் தலைவரிடம் போய்க் கேட்க மாட்டேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட் எதிரே இருக்கும் சைக்கிள் கடையில் உட்கார்ந்து, வெளியே வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போகிறார்களா, நின்று பேசுகிறார்களா என்று மட்டும் பார்ப்பேன்.

காசு கொடுத்துத் தகவல் வாங்கும் வழக்கமும் உண்டு, அதற்குத் தனி நிதியும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை வந்ததேயில்லை. வாரா வாரம் காசு வாங்குகிறவன் வாரா வாரம் ஏதாவது கொண்டுவந்தாக வேண்டும். ஒன்றும் நடக்காத வாரத்தில் அவன் என்ன செய்வான்? ஏதாவது நடக்கவைப்பான், இல்லாவிட்டால் நடந்ததாகச் சொல்வான். இரண்டும் நம் தாளில் ஏறும்.

சொன்னவரின் பெயரைத் தாளில் எழுதுவதில்லை, முதல் எழுத்தைக்கூட எழுதுவதில்லை என்பது இந்தப் பக்கத்தில் உயிர்ச் சட்டம். எங்கிருந்து வந்த சட்டம் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் பாலாறு இருக்கிறது. 1993 ஏப்ரல் 9, புனித வெள்ளி. வீரப்பன் ஆட்கள் அங்கே வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீசும் வனத்துறை ஆட்களும் மட்டுமல்ல, வழிகாட்டவும் தகவல் சொல்லவும் கூட வந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு கோவிந்தப்பாடி, கொளத்தூர் பக்கம் ‘இன்ஃபார்மர்’ என்று யாரையாவது ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. காட்டுக்குள் இருந்தவர்களிடம் போட்டுக்கொடுத்ததாகப் பேர் வந்தாலும் சாவு. அவர்களுக்கு அரிசி கொடுத்ததாகப் போலீசில் பேர் வந்தாலும் வாழ்க்கை முடிந்தது.

இரண்டாவது வகையைப் பற்றிப் போலீஸ்காரர்கள் எழுதுவது குறைவு. நான் எழுதுகிறேன், ஏனென்றால் அது எங்கள் தொழிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வீரப்பன் தேடுதல் வேட்டையில் மலைக்கிராம மக்களுக்கு நடந்ததை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. எல்லாவற்றுக்கும் தகவல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “இன்னார் வீட்டுக்கு ராத்திரி ஆள் வந்துபோனதாகத் தெரிகிறது” என்ற ஒற்றை வரி, யார் பார்த்தது, எவ்வளவு தூரத்திலிருந்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கு இவன்மேல் வாய்க்கால் தகராறு உண்டா என்ற விவரம் எதுவும் இல்லாமல் மேலே போனால், கீழே ஒரு லாரி வந்து நிற்கும். பெரியவர் போட்ட அந்த இரண்டு கோட்டின் அர்த்தம் எனக்கு அந்த வருடங்களில்தான் முழுதாக விளங்கிற்று.

2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டியில் வீரப்பன் கதை முடிந்ததை எல்லாரும் துப்பாக்கிச் சூடாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கண் சிகிச்சைக்கு என்று நம்பி ஒரு மனிதன் ஆம்புலன்சில் ஏறினான், அந்த ஆம்புலன்சை ஓட்டியவர் போலீஸ்காரர். சுட்டது சில நிமிடம். அவரை நம்பி வண்டியில் ஏறும் அளவுக்குக் கொண்டுவர எத்தனை மாதம் போயிருக்கும் என்று யோசித்தால் எங்கள் ஆட்களின் வேலை தெரியும். அதிரடிப்படைத் தலைவராக இருந்த விஜயகுமார் பிற்பாடு புத்தகமே எழுதினார். அந்த நடவடிக்கையின் உளவுப் பக்கத்தைப் பார்த்த எஸ்.பி. செந்தாமரைக்கண்ணன் பெயர் மேட்டூர்க்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. உடல் மேட்டூர் பக்கத்து மூலக்காட்டில் அடக்கமானது. வருடா வருடம் அதே தேதியில் அங்கே மாலை போட வருவார்கள், அதே தேதியில் எங்களுக்கும் அங்கே வேலை.

கூட்டத்தை எண்ணுவது தனிக் கலை. ஏற்பாடு செய்தவரிடம் கேட்டால் ஒரு கணக்கு, எதிர்க்கட்சிக்காரரிடம் கேட்டால் ஒரு கணக்கு, பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் கேட்டால், கூடுதல் ஆள் கேட்க வசதியாக, இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற இதழியல் பேராசிரியர் 1960களில் பெர்க்லி மாணவர் கூட்டங்களைப் பார்த்து ஒரு வழி சொன்னார். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு நாலரை சதுர அடி, கை வீச இடம்விட்டு நின்றால் பத்து சதுர அடி. பரப்பை அதனால் வகுத்தால் தலைக்கணக்கு. இதைப் படிக்கும் முன்பே எங்கள் ஆட்கள் பந்தல்கால் எண்ணித்தான் கணக்குப் போட்டார்கள். நாலு காலுக்கு நடுவே எத்தனை பேர் என்று ஒரு தடவை எண்ணிவிட்டு மீதியைப் பெருக்குவது. ஆடிப்பெருக்கன்று அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கம் பந்தல் இருக்காது. அங்கே அடுப்பைத்தான் எண்ண வேண்டும், ஒரு அடுப்புக்கு ஒரு குடும்பம். கெடா வெட்டும் குடும்பம் பெரியது, கோழி என்றால் சிறியது.

சின்னக் கூட்டத்தில் இன்னொரு கழித்தலும் உண்டு. ஸ்டேஷன் தனிப்பிரிவில் ஒருத்தர், மாநில எஸ்.பி.சி.ஐ.டி.யில் ஒருத்தர், க்யூ பிரிவில் ஒருத்தர், மத்திய ஐ.பி.யில் ஒருத்தர். முப்பது பேர் வந்த தெருமுனைக் கூட்டத்தில் நாலு பேர் நாங்களே. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கடையில் டீ குடித்துவிட்டு, ஒருவர் எழுதுவதை ஒருவர் எட்டிப் பார்க்காமல், தனித்தனியே நாலு தாள் அனுப்புவோம். பேச்சாளருக்கும் இது தெரியும். “முன்வரிசையில குறிப்பெடுக்கற தோழர்களே, நல்லா எழுதிக்கோங்க” என்று மேடையிலிருந்தே சொல்வார்கள். எழுதிக்கொள்வோம், அதையும் சேர்த்து.

அப்படி எழுதும்போது பேசியவர் வார்த்தையை அப்படியே எடுக்க வேண்டும், நம் வார்த்தையில் சுருக்கக் கூடாது. 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசியதற்காக நடந்த ராஜத்துரோக வழக்கில், மேடையில் என்ன பேசினார்கள் என்பதற்குப் போலீசார் எடுத்த குறிப்புகள்தான் சாட்சி. நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை ஊரறிந்தது. பாரதி புதுச்சேரியில் இருந்த பத்து வருடமும் தெருமுனையில் சி.ஐ.டி. ஆட்கள் இருந்தார்கள். யாரை ஒடுக்க அந்தத் தாள்கள் எழுதப்பட்டனவோ, அவர்களுடைய வரலாற்றை எழுத இன்று ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகத்தில் அதே தாள்களைத்தான் புரட்டுகிறார்கள். எழுதின ஏட்டுக்கு இது தெரிந்திருந்தால் கொஞ்சம் நிதானமாக எழுதியிருப்பாரோ என்னவோ. யார் படிப்பார்கள் என்று தெரியாத எழுத்தில் அடைமொழி வைப்பது ஆபத்து. இதை நான் கொளத்தூரில் கற்றேன். 1980களின் நடுவில் அங்கே விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது ஊருக்கே தெரியும், வீட்டுக்கு வீடு சோறு போட்டார்கள். ராஜீவ் காந்தி கொலை நடந்த 1991 மே 21க்குப் பிறகு எல்லாம் மாறிற்று. 1992இல் தடை வந்தது. அதே ஆட்கள், அதே தோட்டம், அதே கிணறு, ஆனால் ஃபைல் மட்டும் வேறு அலமாரிக்குப் போயிற்று. பழைய அறிக்கையில் ‘இன்ன தேதியில் இன்ன இடத்தில் இத்தனை பேர்’ என்று இருந்த வரிகள் அன்றைக்கும் பயன்பட்டன, பிறகும் பயன்பட்டன. அடைமொழி போட்டு எழுதிய வரிகளை இரண்டு காலத்திலும் யாரும் நம்பவில்லை.

மூன்றாவது கட்டத்தில் எழுதுவதற்கும் ஒழுங்கு உண்டு. சி.ஐ.ஏ.வில் ஷெர்மன் கெண்ட் என்று ஒரு பெரியவர் இருந்தார். 1951இல் யூகோஸ்லாவியா மேல் படையெடுப்பு நடக்க ‘கணிசமான சாத்தியம்’ உண்டு என்று அவர் குழு எழுதிற்று. படித்த அதிகாரி அதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டார். கெண்ட் மனதில் இருந்ததோ நூற்றுக்கு 65. சரி, நம் ஆட்கள் என்ன நினைத்து எழுதினார்கள் என்று குழுவையே கேட்டார். ஒருவர் 20 என்றார், ஒருவர் 80 என்றார். எல்லாரும் ஒரே வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள். எங்கள் தாளில் ‘வாய்ப்புள்ளது’ என்பது இந்த வேலையைத்தான் செய்யும். எல்லா அறிக்கையின் கடைசி வரியும் ‘சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளது’ என்றே முடியும். எழுதினவருக்குப் பாதுகாப்பு. நடந்தால் சொன்னேனே என்பார், நடக்காவிட்டால் வாய்ப்பு என்றுதானே எழுதினேன் என்பார். ஒரு டி.எஸ்.பி. அந்த வரியை அடித்துவிட்டு, “எத்தனை பேர் அனுப்பணும்னு சொல்லுய்யா” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அதன் பிறகு நான் வாய்ப்பை ஆள் கணக்கில்தான் எழுதுவேன். இரண்டு போலீஸ் போதும், ஒரு எஸ்.ஐ. வேண்டும், ஒரு பிளாட்டூன் வேண்டும்.

ஒன்றும் நடக்காத நாளில் ‘குறிப்பிடத்தக்க நிகழ்வு இல்லை’ என்று எழுதுவோம். எளிதான வரி என்று தோன்றும். வீட்டில் படுத்துக்கொண்டும் அதை எழுதலாம், எழுதுகிறவர்களும் உண்டு. நான்கு இடத்துக்குப் போய் நான்கிலும் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு எழுதினால்தான் அந்த வரிக்குப் பொருள். படிக்கிற அதிகாரிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எழுதுகிறவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அனுப்பிய தாளுக்குப் பதில் வராது. சரி, தப்பு, நன்றி எதுவும் வராது. ரெண்டு நாள் கழித்துப் பேப்பரில் ஒரு பேச்சுவார்த்தைச் செய்தி வந்தால், நம் வரி வேலை செய்ததோ என்று நாமே நினைத்துக்கொள்ளலாம். பதக்கம் கொடுக்கும் மேடையில் யூனிஃபார்ம்காரர்கள்தான் நிற்பார்கள். பக்கத்து வீட்டில் என்னை ரொம்ப நாள் சஸ்பெண்ட் ஆன ஆள் என்றே நினைத்தார்கள், யூனிஃபார்ம் காயப்போட்டதைப் பார்த்ததே இல்லையாம். சங்கம் வைக்க முடியாது. போலீசுக்கு 1966இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், மத்திய உளவு அமைப்புகளுக்கு 1985இல். ஐ.பி.யில் ஓய்வு பெற்றவர்கள் பாடு இன்னும் மோசம், 2021இல் ஓய்வூதிய விதியைத் திருத்தி, முன் அனுமதி இல்லாமல் துறை சம்பந்தமாக எதுவும் வெளியிடக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். என் பழைய பெஞ்சுத் தோழர் ஒருவரிடம் இதை எழுதுகிறேன் என்று சொன்னேன். “எழுதுங்கண்ணா, என்னை மட்டும் டீ குடிக்க வெச்சு எழுதாதீங்க” என்றார். ஏற்கெனவே வைத்துவிட்டேன்.

இப்போது வருகிற பையன்கள் நோட்டு வைத்துக்கொள்வதில்லை. போனில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, வந்ததை அப்படியே மேலே தள்ளிவிடுகிறார்கள். பார்த்தது எது, கேட்டது எது என்ற கோடே அதில் கிடையாது. ஒரு வீடியோ யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று தெரியாமலே கண்ணால் பார்த்த கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 2018 ஆகஸ்டில் அணை நிரம்பி 16 கண் மதகு வழியே வெள்ளம் போனது, அந்த மாதமே முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்து அடித்துக்கொண்டு போயின. அதிலிருந்து உபரி நீர் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ‘மேட்டூர் மதகு உடைந்தது’ என்று ஒரு வீடியோ சுற்றும். தனிப்பிரிவுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். எத்தனை கண் தெரிகிறது எண்ணு என்றேன். எண்ணினான், பதினாறு வரவில்லை. பாலத்தில் மேட்டூர் பாலத்துக் கைப்பிடி இல்லை. அணைப் பிரிவுக்குப் போன் போட்டு எட்டு மணி மட்டத்தையும் வெளியேற்றத்தையும் கேட்டான், இரண்டும் சரியாக இருந்தன.

“பொய்யின்னு தெரிஞ்சிருச்சுங்களே ஐயா, அப்புறம் எதுக்கு எழுதறது?” என்றான்.

வீடியோ பொய் என்பது ஒரு வரி, அதை முதலில் எழுது என்றேன். பொய்யை நம்பித் தங்கமாபுரிப்பட்டணத்தில் எத்தனை வீட்டில் சாமான் ஏற்றுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார்களா, பூலாம்பட்டியில் விசைப்படகு ஓடுகிறதா நின்றுவிட்டதா, மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போனவர் யாராவது உண்டா. இதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதிப் பக்கத்தை எழுது. தாசில்தார் ஆட்டோவில் மைக் கட்டி அனுப்புவதா, சும்மா இருப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவு பண்ணுவார். பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் போனில் கேட்டான், ஒரு பக்கத்துக்கு மேல் வருகிறதே ஐயா, பரவாயில்லையா என்று. எதை வெட்டுவது என்று இரண்டு பேரும் போனிலேயே கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.